அசைவு குறைந்த விந்தணுக்கள்: எந்த மாத்திரை, எவ்வளவு காலம்?

மணமாகி மூன்றரை ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லாத வாசகர் ஒருவர், தம்முடைய மூன்று விந்து பரிசோதனை அறிக்கைகளின் விவரங்களோடு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 37, மனைவிக்கு 35. முதல் அறிக்கையில் விந்தின் அளவு 2.1 மில்லி, எண்ணிக்கை மில்லிக்கு 2.2 கோடி, முன்னோக்கி நகரும் அணுக்கள் 18 விழுக்காடு. மருத்துவர் ஒருவர் கோஎன்சைம் க்யூ10, எல்-கார்னிடைன், துத்தநாகம், செலினியம், லைகோபீன் எல்லாம் சேர்ந்த ஒரு மாத்திரையைத் தினமும் இரண்டு வேளை எழுதித் தந்தார். நான்கு மாதம் கழித்து அசைவு 26 விழுக்காடாக உயர்ந்தபோது, மருந்து வேலை செய்கிறது என்று இருவரும் மகிழ்ந்திருக்கிறார்கள். அதே மாத்திரையை மேலும் நான்கு மாதம் சாப்பிட்ட பின் எடுத்த மூன்றாவது பரிசோதனையில் அது 19க்கு இறங்கிவிட்டது.

அவர் கேட்பவை நான்கு. அசைவை உறுதியாக உயர்த்தும் மருந்து எது, இப்போதைய மாத்திரையை இரட்டிப்பாக எடுக்கலாமா? உடற்பயிற்சிக் கூடத்து நண்பர் சொல்லும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா? குறை தன்னிடம்தான் என்று தெரிந்துவிட்ட பிறகு மனைவிக்கும் பரிசோதனை எதற்கு? வேகம் குறைந்த விந்தணுவால் கரு உண்டானால் குழந்தைக்கு ஊனம் வருமா? இவற்றுக்கிடையே போகிற போக்கில் வேறு சிலவற்றையும் எழுதியிருக்கிறார். பெருங்குடல் புண் அழற்சிக்காக ஆறு ஆண்டுகளாக சல்ஃபாசலசின் சாப்பிடுகிறார். அது வயிற்றுக்கான மருந்து என்பதால் குழந்தையின்மை மருத்துவரிடம் சொல்லவில்லை. நாளைக்கு ஐந்தாறு சிகரெட் பிடிக்கிறார். விந்தணுக்கள் ‘சேரட்டும்’ என்று பத்துப் பன்னிரண்டு நாள் உறவைத் தள்ளி வைக்கும் வழக்கமும் இருக்கிறது.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு நேரான விடையைச் சொல்லிவிடுகிறேன். காரணம் எதுவாக இருந்தாலும் விந்தணுவின் அசைவை உறுதியாக உயர்த்திவிடும் மருந்து என்று ஒன்று இன்று இல்லை. அசைவுக் குறைவு என்பது ஒரு நோயின் பெயர் அன்று. காய்ச்சலைப் போல அது ஓர் அறிகுறி. காரணம் தெரிந்தால் அதற்கான மருந்தோ, அறுவை சிகிச்சையோ, சில சமயம் ஒரு மருந்தை மாற்றுவதோ பலன் தரும். காரணத்தைத் தேடாமல் எண்ணை மட்டும் துரத்தினால், உங்கள் எட்டு மாதங்கள் போனது போல மேலும் எட்டு மாதங்கள் போகும். உங்கள் கடிதத்தைப் படித்தவரை, எந்த மருந்தைச் சேர்ப்பது என்பதைவிட, ஏற்கனவே சாப்பிடும் மருந்துகளில் எதைப் பற்றி யோசிப்பது என்பதுதான் முதலில் எழ வேண்டிய கேள்வி.

மூன்று அறிக்கைகளையும் ஒப்பிட முடியுமா?

முதல் மாதிரியைப் பன்னிரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு வீட்டிலேயே எடுத்து, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்து ஆய்வுக்கூடத்தில் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதை மூன்று நாள் இடைவெளியில் ஆய்வுக்கூடத்திலேயே கொடுத்தீர்கள். மூன்றாவது, உங்களுக்கு 102 டிகிரி காய்ச்சல் வந்து ஐந்து வாரம் கழித்து எடுத்தது. சூழ்நிலை மூன்றிலும் வெவ்வேறாக இருக்கும்போது, 18, 26, 19 என்ற எண்களை வரிசையாக வைத்து, மருந்தால் ஏறியது என்றோ மருந்து கைவிட்டது என்றோ முடிவுகட்ட முடியாது.

காரணத்தை விளக்குகிறேன். விந்து வெளியேறிச் சுமார் அரை மணி நேரத்தில் நீர்த்துப் போகும். நீர்த்ததும், எப்படியும் வெளியேறிய ஒரு மணி நேரத்துக்குள், அசைவைப் பார்த்துவிட வேண்டும். நேரம் ஆக ஆகவும், மாதிரி குளிரக் குளிரவும் அணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. ஆய்வுக்கூடத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியின் கீழ் குறைந்தது இருநூறு அணுக்களை எண்ணி, வேகமாக முன்னேறுபவை, மெதுவாக முன்னேறுபவை, இருந்த இடத்திலேயே துடிப்பவை, அசையாதவை என்று பிரிப்பார்கள். உடல் வெப்பத்தில் பார்த்தால் முதல் வகையில் சேரும் அணு, குளிர்ந்த தகட்டில் இரண்டாம் வகைக்கோ மூன்றாம் வகைக்கோ போய்விடும். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்த மாதிரியில் 18 விழுக்காடு முன்னேறிக்கொண்டிருந்தது என்றால், உண்மை நிலை அதைவிட மேலாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

உறவைத் தள்ளி வைத்துச் ‘சேர்ப்பது’ பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாள் கூடினால் எண்ணிக்கை கூடும் என்பது உண்மைதான். ஆனால் விதையை ஒட்டியுள்ள நீண்ட சுருள் குழாயில் தேங்கிக் கிடக்கும் அணுக்கள் மூப்படைகின்றன. அவற்றின் அசைவு குறைகிறது, மரபணு இழைகளில் சிதைவும் கூடுகிறது. பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கருத்தரிக்கும் நாட்களில், அதாவது கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் சேர்ந்த அந்த ஆறு நாட்களில், தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் உறவு கொள்வது நல்லது. பன்னிரண்டு நாள் காத்திருந்தால் அந்த ஆறு நாட்களே கைநழுவிப் போகக்கூடும். உறவின்போது வழவழப்புக்காக எதையாவது பயன்படுத்தினால் அதையும் கவனியுங்கள். கடைகளில் கிடைக்கும் பல வழவழப்புப் பொருட்களும், உமிழ்நீரும்கூட, ஆய்வுக்கூடச் சோதனைகளில் அணுக்களின் அசைவைக் குறைத்திருக்கின்றன.

காய்ச்சலின் கதை வேறு. ஒரு விந்தணு விதையில் உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. அதன்பின் சுருள் குழாயில் நகர்ந்து, அங்கேதான் நீந்தும் திறனைப் பெற்று, வெளியே வர இன்னும் இரண்டு வாரம் வரை ஆகலாம். ஆகவே இன்று நீங்கள் கொடுக்கும் மாதிரி, உங்கள் உடல் சுமார் மூன்று மாதத்துக்கு முன்பிருந்து கண்டதன் விளைவு. கடும் காய்ச்சலின் தாக்கம் அடுத்த இரண்டு மூன்று மாதங்களின் அறிக்கைகளில் தெரியும். எந்தச் சிகிச்சையையும் மூன்று மாதத்துக்கு முன்பு எடைபோடக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

இந்த எண்களை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, முன்னோக்கி நகரும் அசைவுக்கான கீழ் எல்லை 30 விழுக்காடு, மொத்த அசைவுக்கு 42 விழுக்காடு, எண்ணிக்கைக்கு மில்லிக்கு 1.6 கோடி. நூறு விழுக்காடு என்பது யாருக்கும் கிடையாது. இந்த எல்லைகளும் ‘இதற்குக் கீழே குழந்தை பிறக்காது’ என்று போட்ட கோடுகள் அல்ல. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை வரிசைப்படுத்தினால், கடைசி ஐந்து விழுக்காட்டினர் இந்த எல்லைக்குக் கீழேதான் இருந்தார்கள், அவர்களும் தந்தையானவர்களே. அறிக்கையில் தடித்த எழுத்தில் அச்சாகும் ‘குறைவு’ என்ற சொல் தரும் அதிர்ச்சி, பல சமயம் அந்த எண் தர வேண்டிய கவலையைவிடப் பெரிதாக இருந்துவிடுகிறது.

நான் பார்க்க விரும்பும் எண் இன்னொன்று. அளவையும் எண்ணிக்கையையும் முன்னேறும் விழுக்காட்டையும் பெருக்கினால், உங்கள் மோசமான அறிக்கையிலேயே சுமார் 83 லட்சம் அணுக்கள் முன்னோக்கி நகர்கின்றன. இது குறைவுதான், ஆனால் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு அற்றுப்போன நிலை அன்று.

மாத்திரைகள் எவ்வளவு உதவும்?

நீங்கள் சாப்பிடும் கூட்டு மாத்திரைக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. விந்தணுவின் மேலுறையில் எளிதில் சிதையக்கூடிய கொழுப்பு அமிலங்கள் நிறைய உண்டு. ஆக்சிஜனின் தீவிர மூலக்கூறுகள் பெருகும்போது அந்த உறையும், வாலை இயக்கும் ஆற்றல் உறுப்புகளும் பழுதடைகின்றன. ஆன்டிஆக்சிடன்ட்கள் அதைத் தடுக்கும் என்பது எதிர்பார்ப்பு. சிறு ஆய்வுகள் சிலவற்றில் கோஎன்சைம் க்யூ10, கார்னிடைன் ஆகியவை அசைவைச் சில புள்ளிகள் உயர்த்தியும் இருக்கின்றன.

ஆனால் உங்களுக்கு வேண்டியது விழுக்காடு அன்று, குழந்தை. அந்த இடத்தில்தான் சான்று மெலிகிறது. 2020இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெறும் 2,370 ஆண்களில் ஒரு பாதியினருக்கு நாள்தோறும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் ஆறு மாதம் கொடுத்தார்கள். மறு பாதியினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. குழந்தை பிறந்த விகிதம் ஒரு பிரிவில் 34, மற்றதில் 35 விழுக்காடு. அசைவிலும் வேறுபாடு இல்லை; மருந்து சாப்பிட்டவர்களுக்கு வயிற்று உபாதைதான் சற்று அதிகம். அதே ஆண்டு வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு, சுமார் 170 ஆண்களிடம், ஏறக்குறைய நீங்கள் சாப்பிடுவது போன்ற ஒரு கூட்டு மாத்திரையைச் சோதித்தது. மூன்று மாதத்தில் அசைவும் உயரவில்லை, மரபணு இழைச் சிதைவும் குறையவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, இவை குழந்தைப் பேற்றைக் கூட்டக்கூடும் என்று சொன்னாலும், சான்றின் தரம் மிகக் குறைவு என்றும், குறைபாடுள்ள ஆய்வுகளை நீக்கிப் பார்த்தால் அந்தப் பலன் தெரியவில்லை என்றும் சேர்த்தே சொல்கிறது. அமெரிக்க சிறுநீரியல் சங்கமும் அந்நாட்டின் இனப்பெருக்க மருத்துவக் கழகமும் 2020இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, இவற்றின் பயன் ஐயத்துக்குரியது என்று ஆண்களிடம் சொல்லும்படி மருத்துவர்களை அறிவுறுத்துகிறது.

எனவே இரட்டிப்பு வேண்டாம். உடலுக்கு ஓரளவு ஆக்சிஜனேற்றம் தேவை. விந்தணு கருமுட்டையைத் துளைக்கத் தயாராவதே அதனால்தான். மிகை அளவு அதையும் கெடுக்கலாம். செலினியத்துக்குப் பெரியவர்களுக்கான மேல் எல்லை நாளைக்கு 400 மைக்ரோகிராம். நீண்ட காலம் அதைத் தாண்டினால் முடி கொட்டும், நகம் உடையும். துத்தநாகத்தைப் பல மாதம் அதிகமாகச் சாப்பிட்டால் உடலில் தாமிரம் குறையும். இப்போதைய அளவிலேயே தொடர்வதில் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் எட்டு மாதத்தில் தெளிவான பலன் தெரியாத ஒன்றை நான் தொடரச் சொல்ல மாட்டேன். யாரோ கொடுத்ததாக எழுதியிருக்கும் பெயரில்லாத பொடியை உடனே நிறுத்துங்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுத்தில் பெறுவது உங்கள் உரிமை. சொல்ல மறுப்பவரிடமிருந்து எதையும் வாங்கி விழுங்க வேண்டியதில்லை.

ஹார்மோன் மருந்துகளைப் பற்றியும் சுருக்கமாக. க்ளோமிஃபீன், லெட்ரோசோல் போன்றவை, டெஸ்டோஸ்டிரோன் குறைந்தோ ஈஸ்ட்ரோஜன் விகிதம் ஏறியோ இருக்கும் சிலருக்கு ஆராய்ந்து கொடுக்கப்படுபவை. ஹார்மோன்கள் சரியாக இருப்பவருக்கு இவற்றால் கிடைப்பது சொற்பம். க்ளோமிஃபீன் சிலருக்குப் பார்வை மங்கலையும் தரும், வேறு சிலருக்கு விந்தணுக்களைக் குறைத்தும்விடும். மூளையடிச் சுரப்பியே போதிய ஹார்மோனைச் சுரக்காத நிலையில் மட்டும் விதைகளைத் தூண்டும் எச்சிஜி, எஃப்எஸ்எச் ஹார்மோன் ஊசிகள் அருமையாக வேலை செய்கின்றன. அதற்கும் ஆறு மாதத்திலிருந்து இரண்டாண்டு வரை பொறுமை வேண்டும். கிருமித் தொற்று உறுதியானால் ஆன்டிபயாட்டிக். விந்தில் தெரியும் ‘உருண்டை அணுக்கள்’ எல்லாம் சீழ் அணுக்கள் ஆகிவிடா. முதிராத விந்தணுக்களும் அப்படித்தான் தெரியும், சாயமேற்றிப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். அதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் எழுதுவது சரியான வழி அன்று.

நீங்கள் சொல்லாமல் விட்ட வயிற்று மாத்திரை

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி இதுதான். சல்ஃபாசலசின், ஆண்களின் விந்தணு எண்ணிக்கையையும் அசைவையும் வடிவத்தையும் கெடுக்கும் என்பது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. நல்ல வேளையாக, அந்தக் கெடுதல் நிரந்தரமானது அன்று. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் சரியாகிவிடுகிறது. இந்த மாத்திரை பெருங்குடலை அடைந்ததும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி மெசலசின். குடல் புண்ணை ஆற்றுவது அதுதான். மற்றப் பகுதி சல்ஃபாபிரிடின். அது இரத்தத்தில் கலந்து போய், விந்தணுக்களைப் பாதிப்பதாகக் கருதப்படுகிறது. மெசலசினைத் தனியாகவே மாத்திரையாகத் தர முடியும் என்பதால், பலருக்கு மாற்று இருக்கிறது.

இதைப் படித்தவுடன் நாளைக் காலை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குடல் அழற்சி கிளர்ந்தெழுந்தால் காய்ச்சல், இரத்தப்போக்கு, எடையிழப்பு என்று உடல் நலியும். அதற்கு மேலும் வலுவான மருந்துகள் தேவைப்படலாம். விந்தணுக்களுக்கும் அது நல்லதன்று. உங்கள் குடல் மருத்துவரிடம் போய், “குழந்தைக்கு முயல்கிறோம், விந்தணு அசைவு குறைவாக இருக்கிறது, இந்த மருந்தை மெசலசினுக்கு மாற்ற முடியுமா?” என்று கேளுங்கள். உங்களுக்கு அழற்சி சார்ந்த மூட்டுவலியும் இருந்து, அதற்கும் சேர்த்தே சல்ஃபாசலசின் கொடுத்திருந்தால், மெசலசின் மூட்டுக்கு உதவாது; அப்போது வேறு வழி பார்க்க வேண்டும். அந்தத் தீர்மானம் அவருடையது.

மருந்தை மாற்றினால் எண்கள் ஏறியே தீரும் என்று நான் உறுதி சொல்லவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு காரணங்கள் இருப்பது சாதாரணம். ஆனால் எட்டு மாதம் ஐயத்துக்குரிய மாத்திரைகளை விழுங்கிய பக்கத்திலேயே, தெளிவாகத் தெரிந்த ஒரு காரணம் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது. மருத்துவர் கேட்காதது அவர் குறை, நீங்கள் சொல்லாதது உங்கள் குறை என்று பங்கு பிரிப்பதில் பயனில்லை. இனி எந்த மருத்துவரிடம் போனாலும், சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டிரைடு, சில மனச்சோர்வு மருந்துகள், வலிப்புக்கான வால்ப்ரோயேட் ஆகியவையும் சிலருக்கு விந்தின் தரத்தைக் குறைக்கக்கூடியவை. இவற்றில் எதையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி: கூடவே கூடாது

நண்பரின் யோசனை பார்வைக்கு நியாயமாகத் தெரியும். ஆண்மைக்கான ஹார்மோன்தானே, ஏற்றினால் அணுக்களுக்கும் வலு வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும், உடலில் போதுமான அளவு இருக்கிறது என்று மூளை கருதி, விதைகளை இயக்கும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்கள் இரண்டையும் நிறுத்திவிடுகிறது. விந்தணு உற்பத்திக்குத் தேவையானது, விதைக்குள்ளேயே சுரந்து, இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாக நிற்கும் டெஸ்டோஸ்டிரோன். ஊசியால் இரத்தத்தில் அளவு ஏறும், விதைக்குள் வறண்டுவிடும். உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாராந்திர டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்தது. பெரும்பாலானோருக்கு விந்தணுக்கள் அறவே இல்லாமல் போயின. நிறுத்திய பிறகு மீள ஆறு மாதமோ ஓராண்டோ ஆகும், சிலருக்கு இரண்டாண்டும் ஆகிறது. தசை வளர்க்கப் போடும் ஸ்டீராய்டு ஊசிகளுக்கும் இதே விதிதான். முன்பு எப்போதாவது போட்டிருந்தால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சையின் திசையே அதனால் மாறும்.

இதுவரை நடக்காத பரிசோதனை

எட்டு மாதத்தில் எந்த மருத்துவராவது உங்களை நிற்க வைத்து விதைப்பையைத் தொட்டுப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் மூவரில் ஒருவருக்கு மேல் வெரிகோசீல், அதாவது விதைப்பை இரத்தக்குழாய்ப் புடைப்பு இருக்கிறது. பொதுவாக எல்லா ஆண்களிலும் இது நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில்தான். கையில் தட்டுப்படும் அளவுக்குப் புடைப்பும் விந்துக் குறைபாடும் சேர்ந்திருந்தால் அறுவை சிகிச்சை பயன் தரக்கூடும்; முன்னேற்றம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஸ்கேனில் மட்டும் தெரிந்து கைக்குத் தட்டுப்படாத சிறு புடைப்புக்கு அறுவை தேவையில்லை. இதற்காக ஆண் இனப்பெருக்கத்தில் பயிற்சி பெற்ற சிறுநீரியல் மருத்துவரைப் பாருங்கள். உடல் பரிசோதனையோடு, காலையில் எடுத்த இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், எஃப்எஸ்எச், எல்எச் பார்ப்பதும், சர்க்கரை அளவைப் பார்ப்பதும் போதுமான தொடக்கம். குரோமோசோம் சோதனைகள் எண்ணிக்கை மில்லிக்கு ஐம்பது லட்சத்துக்கும் கீழே இருப்பவர்களுக்கானவை; உங்களுக்கு இப்போது அவை வேண்டாம்.

சிகரெட்டைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை; விடுங்கள். அது அசைவையும் எண்ணிக்கையையும் குறைக்கிறது, உடனிருக்கும் மனைவியின் கருத்தரிப்பு வாய்ப்பையும் பாதிக்கிறது. மடிக்கணினியை மடியில் வைப்பதையும் வெந்நீர்த் தொட்டியில் நெடுநேரம் கிடப்பதையும் தவிர்க்கலாம்.

மனைவிக்குப் பரிசோதனை எதற்கு?

“குறை என்னிடம்தான்” என்ற உங்கள் வரியில் பெருந்தன்மை இருக்கிறது. மருத்துவம் மட்டும் அதை அப்படியே ஏற்பதில்லை. ஆணிடம் ஒரு குறை தெரிந்தது, பெண்ணிடம் குறையில்லை என்பதற்குச் சான்று ஆகாது. இருவரிடமும் காரணம் இருக்கும் தம்பதிகள் ஏராளம். கருக்குழாய் அடைபட்டிருந்தால், உங்கள் அசைவு 60 விழுக்காடானாலும் கரு உண்டாகாது. முப்பத்தைந்து வயதான பெண்ணுக்கு ஆறு மாத முயற்சியில் கரு உண்டாகாவிட்டாலே பரிசோதனையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. நீங்கள் மூன்றரை ஆண்டுகள் கடந்துவிட்டீர்கள். கருமுட்டை வெளிவருகிறதா, கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா, முட்டை இருப்பு எவ்வளவு, ஸ்கேனில் கருப்பை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு மாதவிடாய்ச் சுழற்சி போதும். கருத்தரிக்க முயலும் பெண் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்வது நல்லது. உங்களுக்குப் பயன்தராத அதே சத்து, குழந்தையின் முதுகெலும்புக் குறைபாட்டைத் தடுப்பதற்காக அவருக்கு அவசியம். இந்தப் பரிசோதனைகளைப் பற்றி மருத்துவர் அவரிடமே பேசட்டும். செய்துகொள்வதா என்பதை முடிவுசெய்ய வேண்டியவரும் அவரே.

இதை வலியுறுத்தக் காரணம் காலம். விந்தணுக்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வருகின்றன, கருமுட்டைகள் அப்படி வருவதில்லை. உங்கள் மருந்துகளை மாற்றி மாற்றிப் பார்த்து இன்னும் இரண்டாண்டு கழித்தால், அதன் விலையைக் கொடுப்பது அவருடைய வயது. அதனால் உங்கள் சிகிச்சைக்கு ஒரு கெடு வையுங்கள். குடல் மருந்து மாறிய நாளிலிருந்து மூன்று மாதத்தில் ஒரு பரிசோதனை, ஆறு மாதத்தில் இன்னொன்று. மனைவியின் முடிவுகளில் சிக்கல் ஏதும் இருந்தால் அதற்கும் முன்பே அடுத்த கட்டம்.

அடுத்த கட்டம் என்றால் என்ன என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐயூஐ முறையில் விந்தைக் கழுவி, நன்கு நகரும் அணுக்களை மட்டும் பிரித்துக் கருப்பைக்குள் செலுத்துவார்கள். பிரித்தெடுத்த பின் ஐம்பது லட்சத்துக்கும் குறைவான அணுக்களே தேறினால் அதன் வெற்றி வாய்ப்பு குறைந்துவிடும். கருமுட்டையையும் விந்தணுக்களையும் உடலுக்கு வெளியே ஆய்வுக்கூடத்தில் சேர்க்கும் ஐவிஎஃப் முறைக்கு அதைவிடக் குறைவாக இருந்தாலும் போதும். இக்சி முறையில் ஒரு கருமுட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்துகிறார்கள். 1992இல் முதல் பிறப்புகள் பதிவான இந்த முறை, அசைவுக் குறைவை மருந்தால் தீர்க்க முடியாத பல தம்பதிகளுக்கு வழி திறந்தது. ஆனால் பெண்ணுக்குத் தினசரி ஊசிகளும் முட்டை எடுக்கும் சிறு அறுவையும் இதில் உண்டு. ஒரே முயற்சியில் கைகூடும் என்ற உத்தரவாதமும் கிடையாது. குறை ஆணிடம் இருந்தாலும் சிகிச்சையின் பாரம் பெண் உடலில் விழுகிறது. உங்களிடம் சரிசெய்யக்கூடிய காரணத்தை முதலில் சரிசெய்வதற்கு இது ஒன்றே போதுமான நியாயம்.

கடைசிக் கேள்வி, குழந்தைக்கு ஊனம் வருமா என்பது. வாலின் வேகமும் தலைக்குள் இருக்கும் மரபணுக்களின் தரமும் ஒன்றல்ல. மெதுவாக நகரும் அணு என்பதாலேயே குழந்தை குறையோடு பிறக்காது. இயற்கையாகக் கருத்தரித்தால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இக்சி வழியாகப் பிறக்கும் குழந்தைகளிடம் பிறவிக் குறைகள் பொது மக்களைவிடச் சற்றே கூடுதலாகக் காணப்படுகின்றன. அந்தக் கூடுதல் சிறியது, அதில் ஒரு பகுதி சிகிச்சையால் அன்றி, குழந்தையின்மைக்கான அடிப்படைக் காரணங்களால் வருவதாகக் கருதப்படுகிறது. கருச்சிதைவு மீண்டும் மீண்டும் ஏற்பட்டால் மட்டுமே விந்தணுவின் மரபணு இழைச் சிதைவுச் சோதனையைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்த மாதிரியை மூன்று அல்லது நான்கு நாள் இடைவெளியில், முன்பு இரண்டாவது முறை கொடுத்த அதே ஆய்வுக்கூடத்தில், அங்கேயே கொடுங்கள். வீட்டில்தான் முடியும் என்றால், ஆய்வுக்கூடம் தரும் சுத்தமான குப்பியில் எடுத்து, சட்டைக்குள் உடலோடு ஒட்டி வைத்து, அரை மணி நேரத்துக்குள், தவறினாலும் ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். முதல் சொட்டு சிந்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்திருந்தால், தேதியை அறிக்கையின் ஓரத்திலேயே குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.